இருபத்தைந்தில் ஒரு பங்கு டிரக்

டிராக் பந்தய டிரக்கின் மாதிரியை அடியிலிருந்து கட்டுபவரின் மேசையில் முதலில் இருப்பவை வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு, பித்தளைக் குழாய், மெல்லிய அலுமினியத் தகடு, மயிரிழை போன்ற கம்பி, இவ்வளவுதான். இவற்றை வெட்டியும் வளைத்தும் கடைந்தும் பற்றவைத்தும் அசல் வண்டியின் சட்டகம் முதல் ஸ்பார்க் பிளக் ஒயர் வரை எல்லாவற்றையும் அவரே உருவாக்குகிறார். முடிந்த வண்டியின் நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. அதற்குப் பின்னால் பல நூறு மணி நேர உழைப்பு இருக்கும். அமெரிக்காவில் வேரூன்றிய இந்தக் கைத்தொழில் அசல் வண்டியின் பொறியியலைப் புரிந்துகொள்ளாதவருக்கு வசப்படாது. ஒரு குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, அது ஏன் அங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

டிராக் பந்தயத்தில் வளைவுகள் கிடையாது. இரண்டு வண்டிகள் அருகருகே நின்று, விளக்கு பச்சையானதும் நேர்கோட்டில் சீறிப் பாய்கின்றன. வழக்கமான தூரம் கால் மைல், ஏறத்தாழ 402 மீட்டர். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். 1951-இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கம் தெருக்களிலும் கைவிடப்பட்ட விமானத் தளங்களிலும் நடந்துவந்த இந்தப் போட்டிக்கு விதிகளையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் கொண்டுவந்தது. நின்ற நிலையிலிருந்து முடிந்தவரை விரைவாக வேகமெடுப்பது ஒன்றே நோக்கம் என்பதால் டிராக் வண்டியில் அலங்காரத்துக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை. பின்னால் அகலமான, கோடுகளற்ற மொழுமொழு டயர்கள். முன்னால் ஒல்லியான சக்கரங்கள். ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு. வண்டியை நிறுத்த வாலில் பாராசூட்.

இந்தப் போட்டிக்குப் பிக்கப் டிரக் பொருத்தமான வண்டியே இல்லை. சரக்கு ஏற்றாதபோது அதன் எடையில் பெரும்பகுதி முன்னால் இருக்கிறது, உந்து சக்தி போகும் பின்சக்கரங்களின் மேலே வெற்றுத் தொட்டிதான். காற்றைக் கிழிக்கவும் அதன் உருவம் உதவாது. ஆனாலும் பந்தயக்காரர்கள் டிரக்கை விட்டுவிடவில்லை. இந்தப் பொருந்தாமையைச் சரிசெய்ய அவர்கள் கண்டுபிடித்த வழிகள்தான் டிராக் டிரக்கை மாதிரி கட்டுபவருக்கு இத்தனை சுவையான பொருளாக்குகின்றன.

இதற்குப் புகழ்பெற்ற சான்று 1965-இல் மக்கள் முன் வந்த ‘லிட்டில் ரெட் வேகன்’. டாட்ஜ் நிறுவனத்தின் ஏ100 என்ற சிறிய பிக்கப்பில் ஓட்டுநர் முன்னச்சின் மேலேயே உட்கார்ந்திருப்பார், இயந்திரம் இரு இருக்கைகளுக்கும் நடுவில் இருக்கும். அதை எடுத்துவிட்டு, ஏழு லிட்டர் கொள்ளளவுள்ள 426 ஹெமி இயந்திரத்தை ஓட்டுநர் அறைக்குப் பின்னால், சரக்குத் தொட்டிக்குள் வைத்தார்கள். எடை பின்சக்கரங்களுக்கு அருகில் போனால் டயர்கள் தரையை நன்றாகப் பற்றும் என்பது கணக்கு. நடந்தது அதற்கும் மேல். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வண்டியின் முன்பக்கம் வானைப் பார்த்து எழுந்தது. பில் ‘மாவரிக்’ கோல்டன் அந்த வண்டியைப் பின்சக்கரங்களில் மட்டும் நிறுத்தித் தடம் முழுக்க ஓட்டிக் காட்டிப் பெரும் பெயர் பெற்றார். முன்சக்கரம் தூக்கி ஓடும் காட்சி வண்டிகள் ஒரு தனி இனமாக வளர அதுவும் ஒரு காரணம்.

பின்னாளில் டிரக்குகளுக்கென்றே போட்டிப் பிரிவுகள் வந்தன. தேசிய ஹாட் ராட் சங்கம் 1998 முதல் 2001 வரை ‘புரோ ஸ்டாக் டிரக்’ என்ற தொழில்முறைப் பிரிவை நடத்தியது. செவ்ரலே எஸ்-10, ஃபோர்டு ரேஞ்சர், டாட்ஜ் டகோடா ஆகிய சிறிய பிக்கப்புகளின் உருவத்தில், உள்ளே முழுக்க முழுக்கக் குழாய்ச் சட்டகத்தோடு அவை ஓடின. சரக்குத் தொட்டி காற்றை அள்ளாமலிருக்க மேலே தட்டையான மூடி. பிரிவு நான்கே பருவங்களில் மூடப்பட்டாலும் மாதிரி கட்டுபவர்களிடம் அந்த வண்டிகளுக்கு இன்னும் மவுசு உண்டு. டீசல் இயந்திரம் பூட்டிய பிக்கப்புகளும், போர் விமான ஜெட் இயந்திரங்களைச் சுமந்து நெருப்புக் கக்கும் காட்சி லாரிகளும் இதே குடும்பத்தின் வேறு கிளைகள்.

மாதிரி வண்டிகளின் வரலாறு இதற்கு இணையாகவே ஓடியது. 1930 முதல் 1968 வரை ஜெனரல் மோட்டார்ஸின் ஆதரவில் நடந்த ஃபிஷர் பாடி கைவினைஞர் போட்டியில் அமெரிக்கச் சிறுவர்களும் இளைஞர்களும் மரம், பிளாஸ்டர் போன்றவற்றைக் கொண்டு வண்டி மாதிரிகளைத் தாங்களே செதுக்கினார்கள். கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகைதான் பெரிய பரிசு. 1958-இல் ஏஎம்டி நிறுவனம் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய பிளாஸ்டிக் கிட்டுகளை விற்கத் தொடங்கியது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, ஒப்பனை செய்தபடி, பந்தயத்துக்கு ஏற்றபடி என மூன்று வழிகள். அந்த மூன்றாவது வழிதான் பந்தய வண்டி மாதிரிகளுக்குக் கதவைத் திறந்தது. லிட்டில் ரெட் வேகனுக்கும் ஐஎம்சி நிறுவனம் 1/25 அளவில் கிட் வெளியிட்டது, பிறகு லிண்ட்பெர்க் பெயரில் அது மறுபடியும் கடைக்கு வந்தது.

கிட் இருக்கும்போது அடியிலிருந்து ஏன் கட்ட வேண்டும்? முதல் காரணம், பெரும்பாலான பந்தய டிரக்குகளுக்குக் கிட்டே கிடையாது. தொழிற்சாலை அச்சு செய்யும் செலவுக்கு ஈடாக விற்பனை வேண்டும், உள்ளூர்த் தடத்தில் வாரந்தோறும் ஓடும் ஒரு பிக்கப்புக்காக எந்த நிறுவனமும் அச்சு வெட்டாது. இரண்டாவது, கிட்டின் தன்மை. அச்சிலிருந்து பாகம் சேதமின்றி வெளியே வர வேண்டும் என்பதற்காகப் பல உறுப்புகளை ஒன்றாகச் சேர்த்து வார்த்துவிடுவார்கள். தனித்தனியாக இருக்க வேண்டிய சட்டகம், எக்ஸாஸ்ட் குழாய், சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே தட்டையான புடைப்பாக வந்து நிற்கும். தடிமன் இன்னொரு தொல்லை. கிட்டின் உடற்கூடு 1.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் அசல் அளவில் அது 37 மில்லிமீட்டருக்கும் மேல். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இரும்புத் தகட்டுக்குப் பதில் கோட்டைச் சுவர்! கதவைத் திறந்து காட்டும் மாதிரியில் இது உடனே கண்ணை உறுத்தும்.

கிட்டின் பாகங்களை மாற்றியும் கலந்தும் கட்டுவது ஒரு முறை. முழுக்க அடியிலிருந்து கட்டுவது வேறு. நடைமுறையில் இரண்டுக்கும் நடுவில் கறாரான கோடு இல்லை. சட்டகம், கூண்டு, இயந்திரத்தின் மேற்பாகங்கள், ஓட்டுநர் அறை எல்லாவற்றையும் தாமே செய்பவர்கூட டயரையும் சில சமயம் உடற்கூட்டையும் கிட்டிலிருந்து எடுத்துக்கொள்வதுண்டு. அதில் குறையொன்றும் இல்லை. நல்ல ரப்பர் டயரை வீட்டில் வார்ப்பதில் செலவாகும் நாள்களை வேறிடத்தில் செலவிடலாம்.

வேலை அளவெடுப்பதில் தொடங்குகிறது. ஏஎம்டி வழிவந்த கிட்டுகள் 1/25 அளவிலும் மோனோகிராம் கிட்டுகள் பெரும்பாலும் 1/24 அளவிலும் வந்ததால் இரண்டு அளவுகளும் வழக்கில் நிலைத்துவிட்டன. வேறுபாடு நூற்றுக்கு நான்குதான். ஆனால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கணக்கில் வைத்துக் கட்டும் இடத்தில் நான்கு சதவீதம் பெரிது. 1/24 கிட்டின் இயந்திரத்தை 1/25 சட்டகத்தில் இறக்கப் பார்த்தால் எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு இடம் போதாது.

அளவு முடிவானதும் எல்லாமே வகுத்தல் கணக்கு. ஏ100-இன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 90 அங்குலம், அதாவது 2,286 மில்லிமீட்டர். 1/25-இல் அது 91.4 மில்லிமீட்டர். பாதுகாப்புக் கூண்டின் முக்கியக் குழாய் 1.625 அங்குல விட்டம் என்றால் மாதிரியில் 1.65 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் 1.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கம்பி அதற்கு மிக நெருக்கம். எட்டு மில்லிமீட்டர் ஸ்பார்க் பிளக் ஒயர் 0.32 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. கால் மைல் தடத்தையே இந்த அளவில் சுருக்கினால் 16 மீட்டர், ஒரு வீட்டு மாடியில் அடங்கிவிடும்.

அசல் வண்டியைப் பந்தயத் தடத்திலோ அருங்காட்சியகத்திலோ நேரில் அளக்க முடிந்தால் நல்லது. வண்டியே அழிந்துபோயிருந்தால் பழைய புகைப்படங்கள்தான் துணை. பக்கவாட்டில் நேராக எடுத்த படத்தில் தெரிந்த ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விகிதத்தால் கண்டுபிடிக்கிறார்கள். இதில் ஒரு பொறி உண்டு. 15 அங்குலச் சக்கரம் என்றால் டயரின் உள்விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம்தான் 15 அங்குலம். படத்தில் தெரியும் வெளி விளிம்பு அதைவிட ஓர் அங்குலத்துக்கும் கூடுதலாக இருக்கும். அந்த விளிம்பை 15 என்று எடுத்துக்கொண்டவரின் டிரக், நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு சிறியதாகப் பிறக்கும். காமிரா லென்ஸ் ஓரங்களை வளைக்கும் என்பதால் ஒரே படத்தை நம்பாமல் பல படங்களை ஒப்பிடுவதும் வழக்கம்.

வரைபடம் தயாரானதும் முதலில் எழுவது சட்டகம். காரோடு ஒப்பிடும்போது டிரக்கின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. பிக்கப்பில் பெரும்பாலும் கீழே தனிச் சட்டகம், அதன்மேல் ஓட்டுநர் அறை தனி, சரக்குத் தொட்டி தனி. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளி எங்கும் ஒரே அகலத்தில் இல்லையென்றால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலேயே வண்டி கோணலாகப் படும். பந்தயத்துக்காக மாற்றும்போது பழைய சட்டகத்தின் முன்பாதியை வைத்துக்கொண்டு, பின்பாதியை வெட்டிக் குறுக்கி, அகலமான டயர்களுக்கு இடம் செய்வது ஒரு வழி. எல்லாவற்றையும் தூக்கியெறிந்துவிட்டு முழுக்கக் குழாய்களால் கட்டுவது மற்றொரு வழி. மாதிரி கட்டுபவர் எந்த வழியைத் தேர்ந்தாலும் அசலில் வெட்டும் ஒட்டும் எங்கே நடந்தனவோ அங்கேயே மாதிரியிலும் நடக்க வேண்டும்.

குழாய்ச் சட்டகத்துக்குப் பிளாஸ்டிக் கம்பி போதுமா, பித்தளை வேண்டுமா என்பது பழைய விவாதம். பிளாஸ்டிக்கை வெட்டுவதும் ஒட்டுவதும் எளிது. கரைப்பான் பசை இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், தவறினால் வெட்டியெறிந்து புதிதாகச் செய்துகொள்ளலாம். ஆனால் நீண்ட மெல்லிய கம்பி காலப்போக்கில் தொய்யும். பித்தளைக் குழாயை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் உறுதிக்குக் குறைவில்லை, வண்டிக்கு எடையும் வரும். ஆனால் பக்கத்து இணைப்பைச் சூடாக்கும்போது முன்பு பற்றவைத்த இணைப்பு உருகி விலகும் அபாயம் உண்டு. ஈரத் துணியைச் சுற்றியும் உலோக இடுக்கியைச் செருகியும் வெப்பத்தைத் திசைதிருப்புவார்கள். பொறுமையுள்ளவர்களுக்குப் பித்தளையே சிறந்தது. அதில் கட்டிய கூண்டு பிளாஸ்டிக்கில் வராத கூர்மையோடு நிற்கும்.

எந்தப் பொருளானாலும் ஜிக் இல்லாமல் சட்டகம் நேராக வராது. சமமான பலகையில் வரைபடத்தை ஒட்டி, ஒவ்வொரு குழாயும் அசையாதபடி இருபுறமும் சிறு கட்டைகளைப் பதிக்கிறார்கள். ஒரு குழாய் இன்னொன்றைச் சந்திக்கும் முனையை வட்ட அரத்தால் பிறை வடிவில் குடைந்தால்தான் அது மற்றக் குழாயின் வளைவின்மேல் இடைவெளியில்லாமல் அமரும். வெறுமனே நேராக வெட்டி, இடைவெளியைப் பசையால் அடைத்த வேலையை அனுபவமுள்ள கண் உடனே பிடித்துவிடும். அசலில் வெல்டர் விட்டுச்செல்லும் அலையலையான தழும்பைக்கூடச் சிலர் நுண்ணிய பசைத் துளிகளை வரிசையாக வைத்துக் காட்டுகிறார்கள்.

பின்னச்சுக்கு வருவோம். டிராக் உலகில் அதிகம் காணப்படுவது ஃபோர்டின் ஒன்பது அங்குல டிஃபரன்ஷியல். 1957-இல் அறிமுகமானது, செவ்ரலே, டாட்ஜ் வண்டிகளில்கூட அதைத்தான் பொருத்துவார்கள். அகலமான டயர்கள் உடற்கூட்டுக்குள் அடங்க அச்சின் இருபுறமும் வெட்டிக் குறுக்கப்படும். அச்சைச் சட்டகத்தோடு இணைப்பவை பக்கத்துக்கு இரண்டாக நான்கு கம்பிகள், முனைகளில் திருகி நீளத்தை மாற்றக்கூடிய மூட்டுகள், வரிசையாகப் பல துளைகள் கொண்ட தகடுகள். எந்தத் துளையில் போல்ட்டைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து வண்டி புறப்படும்போது பின்டயர்களின்மேல் விழும் அழுத்தம் மாறும். ஆகவே அந்தத் துளைகள் அழகுக்கு இட்ட புள்ளிகள் அல்ல. பந்தயக்காரர் தடத்தின் பிடிப்பைப் பார்த்து அன்றாடம் திருத்தும் இடம் அது. 0.34 மில்லிமீட்டர் துளைக்கம்பியைக் கைத்துரப்பணத்தில் மாட்டி, ஒரே இடைவெளியில் எட்டு துளைகள் போட்ட தகடு ஒரு மாதிரியில் இருந்தால் அதைக் கட்டியவர் வண்டியைப் படித்திருக்கிறார் என்று பொருள். வண்டி பின்னுக்குக் கவிழாமல் தடுக்க, வாலில் சிறு சக்கரங்களோடு நீளும் வீலி பாரும் இதே கவனத்தைக் கேட்கிறது.

டயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மிகச் சக்தி வாய்ந்த வண்டிகளின் பின்டயர் 36 அங்குல உயரமும் 17.5 அங்குல அகலமும் உள்ளது. 1/25-இல் அது 36.6 மில்லிமீட்டர் உயரம், 17.8 மில்லிமீட்டர் அகலம். புறப்படுவதற்கு முன் தண்ணீரில் சுழற்றிச் சூடேற்றுவதால் ரப்பர் துணுக்குகள் பறந்து சக்கரக் கிண்ணத்தின் உட்புறத்தில் கருப்பாக அப்பிக்கொள்ளும். ஓடிய வண்டியைக் காட்ட விரும்புபவர் அந்தக் கறையைப் பின்சக்கரங்களைச் சுற்றி மட்டும் இடுவார். முன்சக்கரங்களுக்கும் இட்டால் அது பிழை.

இயந்திரம்தான் இந்த மாதிரிகளின் இதயப் பகுதி, அதிக நாள்களை விழுங்குவதும் அதுதான். கிட்டிலிருந்து எடுத்த சிலிண்டர் கட்டையை வைத்துத் தொடங்கினாலும் அதன்மேல் வருவதெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டியவை. ஹெமி போன்ற பெரிய வி8 இயந்திரத்தின் தலையில் அமரும் சூப்பர்சார்ஜருக்கு ஓர் அரிய பூர்வீகம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் 6-71 என்ற இரண்டு-ஸ்ட்ரோக் டீசல் இயந்திரம் 1930களின் இறுதியில் வந்தது. அதற்குள் காற்றைத் தள்ள ஓர் ஊதி தேவைப்பட்டது. லாரிகளிலும் பேருந்துகளிலும், இரண்டாம் உலகப் போரின் தரையிறங்கு படகுகளிலும் உழைத்த அந்த ஊதியைப் பந்தயக்காரர்கள் பழைய இரும்புக் கடைகளில் கண்டெடுத்துப் பெட்ரோல் இயந்திரத்தின்மேல் பூட்டினார்கள். மாதிரியில் அதன் உடலைப் பிளாஸ்டிக் கட்டையில் செதுக்கிப் பக்கங்களில் நெடுக்கு வரிகளை மெல்லிய பட்டைகளால் ஒட்டலாம். அதைச் சுழற்றும் பல்வைத்த பெல்ட்டுக்கு வரியிட்ட பிளாஸ்டிக் தகட்டின் கீற்று உதவும். கப்பிகளை அலுமினியத்தில் கடைந்தால் அவற்றின் பொலிவே வேறு. ஆஸ்திரிய யூனிமேட், அமெரிக்க ஷெர்லைன் போன்ற மேசைக் கடைசல் இயந்திரங்கள் இந்த வேலைக்குப் பேர்போனவை. அவை இல்லாதவர்கள் சிறு மின் துரப்பணத்தில் அலுமினியக் கம்பியைப் பிடித்து, சுழலும்போது அரத்தால் தேய்த்துச் சமாளிக்கிறார்கள்.

ஸ்பார்க் பிளக் ஒயர்களில்தான் மாதிரி கட்டுபவரின் நேர்மை வெளிப்படுகிறது. எட்டு ஒயர்களை ஏதோ ஒரு வரிசையில் செருகிவிட்டால் தூரத்திலிருந்து சரியாகவே தெரியும். ஆனால் கிறைஸ்லர் ஹெமியிலும் செவ்ரலேயின் வழக்கமான வி8-இலும் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் பக்கத்தில் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. எதிர்ப்பக்கத்தில் 2, 4, 6, 8. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கிளம்பும் ஒயர்கள் இந்த வரிசைப்படிதான் போய்ச் சேர வேண்டும். ஃபோர்டு இயந்திரங்களுக்குக் கணக்கு வேறு. வரிசை தவறினால் அசல் இயந்திரம் ஓடாது. மாதிரி இயந்திரம் ஒருநாளும் ஓடப்போவதில்லை, ஆனாலும் இதைச் சரியாகச் செய்பவர்களின் வேலையில் ஓர் உண்மை குடிகொள்கிறது.

எக்ஸாஸ்ட் குழாய்களுக்குப் பற்றவைக்க உதவும் தடித்த சால்டர் கம்பி ஏற்றது, அது விரல்களாலேயே வளையும், எட்டுக் குழாய்களையும் ஒரே வளைவில் அமைக்கலாம். ஈயம் கலக்காத கம்பியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஈயம் நாளடைவில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும், கைக்கும் ஆகாது. முனையைத் துளைக்கம்பியால் குடைந்து குழாயின் உள்வெறுமையைக் காட்டாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். எரிபொருள், எண்ணெய் ஓடும் பின்னல் குழாய்களுக்கு மெல்லிய உலோகப் பின்னல் நூல் கிடைக்கிறது. அவற்றின் முனைகளில் வரும் சிவப்பு, நீல நிற இணைப்புகளை அலுமினியத்தில் செய்து, மேலே ஒளி ஊடுருவும் சிவப்பும் நீலமும் தடவினால் அசலின் பளபளப்பு வரும். டாங்கியிலிருந்து பம்ப், பம்பிலிருந்து இன்ஜெக்டர், அங்கிருந்து மீந்ததைத் திருப்பும் குழாய் என்று ஒவ்வொன்றையும் விரலால் தொடர்ந்து போனால் வழி எங்கும் அறுந்துபோகக் கூடாது.

ஓட்டுநர் அறையின் உட்புறம் பெரும்பாலும் வெற்று அலுமினியத் தகடுதான். ஆஃப்செட் அச்சகங்கள் ஓட்டி முடித்துத் தள்ளிவிடும் மெல்லிய அலுமினியத் தகடு இதற்கு அருமையான பொருள். கத்தரிக்கோலால் வெட்டலாம், மழுங்கிய முனையால் பின்பக்கம் அழுத்தி வலுவூட்டும் வரம்புகளைப் புடைக்கச் செய்யலாம். இருக்கை வார் பூட்டுகள், மீட்டர் முகங்கள் போன்ற மிகச் சிறு பாகங்களுக்கு அமிலத்தால் அரித்தெடுத்த உலோகத் தகடுகள் விற்பனைக்கு உண்டு.

உடற்கூடு டிரக்கின் முகம். தட்டையான பக்கங்களைக் கொண்ட சரக்குத் தொட்டியைத் தகட்டிலிருந்தே மடித்துவிடலாம். அறையின் வளைந்த கூரைக்கும் மூக்குக்கும் மரத்திலோ கெட்டியான நுரைக்கட்டையிலோ ஒரு கரு செதுக்கி, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் காற்றை உறிஞ்சி இழுத்துப் படியவைக்கிறார்கள். இப்படி வரும் கூடு மெல்லியதாக இருக்கும், கதவு விளிம்பில் கிட்டின் அந்தத் தடிமன் இருக்காது. ஒரே உருவம் பல பிரதிகள் வேண்டுமென்றால் சிலிகான் ரப்பரில் அச்செடுத்து ரெசின் ஊற்றலாம்.

வண்ணம் பூசும்போது மீண்டும் அளவுகோல் குறுக்கிடுகிறது. பிரைமர், நிறம், மேற்பூச்சு மூன்றும் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் அசல் அளவில் அது 2.5 மில்லிமீட்டர். கதவு இடுக்குகளும் எழுத்துப் புடைப்புகளும் அதில் மூழ்கிவிடும். அதனால் கதவுக் கோடுகளை முன்கூட்டியே ஆழமாகக் கீறிவைத்து, மிக மெல்லிய அடுக்குகளாகத் தெளித்து, இடையிடையே நுண்ணிய நீர்த்தாளால் தேய்க்கிறார்கள். அறுபதுகளின் பந்தய வண்டிகளில் பிரபலமான கண்ணாடி போன்ற மிட்டாய்ச் சிவப்புக்கு அடியில் வெள்ளி நிறம் வேண்டும், அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு. ஓரிடத்தில் ஓர் அடுக்கு கூடினாலும் அங்கே நிறம் கறுத்துப்போகும். குரோம் பட்டைகளுக்குப் பசையோடு வரும் மெல்லிய உலோகத் தாளை ஒட்டிக் கூரிய கத்தியால் ஓரம் வெட்டுவது பெயின்ட்டைவிட நன்றாக அமையும்.

கதவுகளில் வரும் பெயர்களையும் விளம்பரங்களையும் கணினியில் வரைந்து, தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் தாளில் அச்சிடுகிறார்கள். வீட்டு அச்சுப்பொறிக்கு வெள்ளை மை கிடையாது என்பதால் சிவப்பு வண்டியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், வெள்ளைத் தாளில் எழுத்தைச் சுற்றிச் சிவப்பை அச்சிட்டு அந்தச் சிவப்பை வண்டியின் நிறத்தோடு பொருத்த வேண்டியிருக்கும். இதைச் சொல்வதைவிடச் செய்வது பல மடங்கு கடினம்.

அண்மை ஆண்டுகளில் ரெசினை அடுக்கடுக்காக ஒளியால் கெட்டிப்படுத்தும் முப்பரிமாண அச்சுப்பொறிகள் வீட்டு மேசைக்கு வந்துவிட்டன. 0.05 மில்லிமீட்டர் அடுக்கில் அவை தரும் சூப்பர்சார்ஜரையும் சக்கரத்தையும் கையால் எட்டுவது கடினம். இது அடியிலிருந்து கட்டுவது ஆகுமா என்ற கேள்வி ஆர்வலர்களிடையே கிளம்பியிருக்கிறது. தானே அளவெடுத்து, தானே கணினியில் வரைந்து அச்சிட்ட பாகத்தில் படைப்பாளியின் அறிவு முழுமையாக இருக்கிறது. கத்திக்குப் பதில் வேறு கருவி, அவ்வளவுதான். யாரோ வரைந்ததை வாங்கி அச்சிடுவது கிட் பாகம் வாங்குவதற்குச் சமம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

முடிந்த மாதிரிக்கும் பராமரிப்பு தேவை. கிட்டுகளோடு வரும் மென்மையான வினைல் டயர்களிலிருந்து கசியும் வேதிப்பொருள், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தைச் சில ஆண்டுகளில் உருக்கித் தின்றுவிடும். சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவில் உலோகத் தாள் ஒன்றைச் சுற்றிவைப்பது, அல்லது சக்கரத்தையே அலுமினியத்தில் கடைவது இதற்கு மருந்து. உடனடிப் பசையின் ஆவி கண்ணாடிப் பாகங்களை வெண்மையாக மங்கச் செய்வதால் ஜன்னல்களைக் கடைசியில், வேறு பசையால் பொருத்துகிறார்கள். நேர் வெயிலில் வெள்ளை எழுத்துகள் மஞ்சளாகும், சிவப்பு வெளிறும். மாதிரிகளுக்கான போட்டிக்குக் கொண்டுபோகும்போது வண்டியை டயர்களின்மேல் நிறுத்தாமல், சட்டகத்தைத் தாங்கும் பீடத்தில் சிறு திருகுகளால் இறுக்கிப் பெட்டியில் அடைப்பது வழக்கம். குலுங்கும் பயணத்தில் அந்த ஒல்லியான முன்னச்சுதான் முதலில் ஒடியும்.